சித்திரையில் பட்ட பாடு, ஆடியில் கொட்டும் முடி

கேள்வி: நாங்கள் ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம். என் மகளுக்கு 18 வயது. பிளஸ் டூவில் நல்ல மார்க், நீட்டில் கிடைக்கவில்லை. மறுபடி எழுதுவதற்காக தினமும் காலை ஆறு மணி பஸ்ஸில் ராமநாதபுரம் கோச்சிங்குக்குப் போகிறாள். ஒரு மாதமாகக் கைப்பிடி கைப்பிடியாக முடி கொட்டுகிறது. உப்புத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள் சிலர், டென்ஷன் என்கிறார்கள் சிலர். பியூட்டி பார்லர் பெண் ஒருவர் ஒரு ஹேர் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். எட்டு சிட்டிங், 36,000 ரூபாய், தவணையில் கட்டலாம் என்கிறார்கள். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். சேர்க்கலாமா? படிப்பை நிறுத்திவிடலாமா?

பதில்: சேர்க்காதீர்கள். படிப்பையும் நிறுத்தாதீர்கள். மகளுக்கு வழுக்கை விழப்போகிறது என்று பயப்படவும் வேண்டாம்.

தலையில் உள்ள முடியில் பத்தில் ஒன்பது பங்கு எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். மீதி ஓய்வில் இருக்கும். ஓய்வுக்குப் போன முடி இரண்டு மூன்று மாதம் வேரிலேயே உட்கார்ந்திருந்து பிறகு விழும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லோருக்கும் உண்டு. உடம்புக்கோ மனதுக்கோ பெரிய அடி விழுந்தால், வளர வேண்டிய முடியும் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடும். அது அன்றைக்கே தெரியாது. மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை, மே முதல் ஞாயிறு நீட், ஜூனில் ரிசல்ட், வீட்டில் அழுகை. இதோ ஆடியில் கொட்டுகிறது. ஆகவே நேற்று ராத்திரி டென்ஷன் ஆனதால் இன்று காலை கொட்டவில்லை. இந்த வாரம் நிம்மதியாக இருந்தால் அடுத்த வாரம் நின்றும்விடாது. ஆனால் வேர் சாகவில்லை. காரணம் விலகினால் மூன்று முதல் ஆறு மாதத்தில் கொட்டுவது தானே அடங்கும்.

அந்த பேக்கேஜ்காரர்களின் பிழைப்பே இந்த ஆறு மாதத்தில்தான் இருக்கிறது. எட்டு சிட்டிங்கை எத்தனை மாதத்துக்குப் பரப்பியிருக்கிறார்கள் என்று பாருங்கள். தானாக நிற்கப்போகிற முடிக்கு அவர்கள் பெயர் வாங்கிக்கொள்வார்கள், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக. அழைத்துப்போகிறவருக்கு கமிஷன் இருக்கும். வெள்ளை கோட் போட்டுப் பேசுகிறவர் பெரும்பாலும் டாக்டராக இருக்க மாட்டார், 'கவுன்சிலர்' என்பார்கள். கேமராவில் மண்டையைப் பெரிதாக்கிக் காட்டினால் யாருக்கும் பயம் வரும். கடன் வாங்கி 40,000 ரூபாய் கட்டிய பிறகு என்னிடம் வந்த பிள்ளைகள் உண்டு. ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 8தான் இருந்தது. அத்தனை சிட்டிங்கிலும் ஒருவர்கூட ரத்தசோகை இருக்கிறதா என்று அவளுடைய கண் இமையை இழுத்துப் பார்க்கவில்லை.

முடிக்கென்று விற்கும் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். சத்துக் குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் பயனில்லை. தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டிவிடக்கூடியது வேறு. மகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் ரத்தம் கொடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

உப்புத் தண்ணீர் வேரைத் தொடாது. முடியை முரடாக்கும், நடுவில் ஒடிக்கும். போன வருடம் ஒரு தாய், மகளின் முடியை நாள்வாரியாகத் தேதிக் காலண்டர் தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து என் மேசையில் வரிசையாக வைத்தார். தலைக்குக் குளித்த நாளின் பொட்டலங்கள் தடிமனாக இருந்தன, மற்றவை ஒல்லியாக இருந்தன. ஒரு முடியை எடுத்துத் தாளின் வெள்ளையில் வைத்தால் தெரியாது. கறுப்புத் துணியில் வைத்துக் காட்டினேன். ஒரு நுனியில் கசகசாவிலும் சின்னதாக ஒரு வெள்ளை முண்டு. அப்படி முண்டு இருந்தால் வேரிலிருந்து விழுந்த முடி, நான் சொன்ன ஓய்வு முடி. இல்லையென்றால் ஒடிந்தது, அதைத் தண்ணீரின் கணக்கில் எழுதலாம். போரிங் தண்ணீரில் குளித்தாலும் கடைசியில் ஒரு குடம் காவிரித் தண்ணீரை ஊற்றி அலசச் சொல்லுங்கள். கொட்டுமே என்று பயந்து தலைக்குக் குளிக்காமல் விடாதீர்கள். விழ வேண்டியது சேர்ந்து அடுத்த முறை மொத்தமாக விழும்.

டென்ஷன் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆறு மணி பஸ் என்றால் காலைச் சாப்பாடு இல்லை என்று அர்த்தம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கடலை நம்பிய வீடுகளில் அப்போது கையில் காசு குறையும், தட்டில் மீன் குறையும். அதே மாதங்களில்தான் பிள்ளைக்குப் பரீட்சையும். மாதவிலக்கில் அதிகம் போகிறதா, இடையில் டைஃபாய்டு, டெங்கு ஏதாவது வந்ததா என்றும் கேளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு மூன்றையும் ரத்தப் பரிசோதனையில் பாருங்கள். ஹீமோகுளோபின் என்பது உலையில் வெந்துகொண்டிருக்கும் அரிசி, ஃபெரிட்டின் என்பது குதிரில் இருக்கும் அரிசி. குதிர் காலியானாலும் உலை கொஞ்ச நாள் கொதிக்கும். அதனால் 'ரத்தம் 12 இருக்கு, சரியா இருக்கு' என்று அனுப்பிவிட்டால் அத்தோடு விடாதீர்கள்.

பள்ளியில் வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். வயிற்றைப் பிரட்டுகிறது என்று ஜன்னலுக்கு வெளியே எறிந்ததாக எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கு, டீயோடு சேர்க்காதே என்று பக்கத்தில் நின்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அந்தத் திட்டம் யாருக்கு? பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று இருக்கும், அவ்வளவுதான். நீங்கள் வீட்டில் முருங்கைக்கீரை, முட்டை, மீன், வாய்த்தால் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) கொடுங்கள். எலுமிச்சை பிழிந்து கொடுங்கள். டீ ஒரு மணி நேரம் கழித்து.

ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். அவள் படிக்கும்போது அவளுக்குத் தெரியாமல் கவனியுங்கள். ஒரு கை புத்தகத்தில் இருக்க, மற்றக் கை உச்சியில் ஒரே முடியைச் சுற்றிச் சுற்றி இழுக்கிறதா? தலையில் ஒரு இடம் மட்டும் திட்டாகி, அதில் முடிகள் குட்டையும் நெட்டையுமாக, தொட்டால் சொரசொரப்பாக இருக்கிறதா? வழுவழுப்பாக வட்டமாக இருந்தால் அது புழுவெட்டு, அதற்குத் தோல் டாக்டர். சொரசொரப்பாக இருந்தால் பெரும்பாலும் அவளே பிடுங்குகிறாள். பல பிள்ளைகளுக்குத் தாங்கள் பிடுங்குவதே தெரியாது, தெரிந்தவர்கள் வெட்கத்தில் மறைப்பார்கள். திட்டாதீர்கள், கையைத் தட்டிவிடாதீர்கள், சொந்தக்காரர்கள் முன் சொல்லாதீர்கள். திட்டினால் குளியலறைக்குள் போய்ப் பிடுங்குவாள். படிக்கிற நேரம் முடியை இறுக்கமில்லாமல் பின்னித் துணி கட்டி விடுங்கள், கைக்கு ஒரு பந்து கொடுங்கள். எண்ணெயும் ஊசியும் இதற்கு உதவாது. பழக்கத்தை மாற்றப் பயிற்சி உண்டு, அதற்கு மனநல மருத்துவரிடம் போக வேண்டும். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காசில்லாமல் பார்க்கலாம். 'மென்டல் டாக்டரா?' என்று ஊர் கேட்டால் கேட்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஒரு பிள்ளையின் மொத்த வாழ்க்கையையும் எடைபோட்டுவிடுகிற ஏற்பாட்டை நீங்களும் நானும் மாற்ற முடியாது. அதை அவள் தூக்கத்தில் கை வைக்க விடாமல் இருக்க உங்களால் முடியும். ஏழு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது, எட்டு நல்லது. சாயங்காலம் பஸ் இறங்கியதும் புத்தகம் வேண்டாம், அரை மணி நேரம் கரையோரம் நடக்கட்டும். பஸ்ஸுக்கு இரண்டு இட்லி கட்டிக் கொடுங்கள். 'செத்துப்போகலாம் போல இருக்கிறது' என்று அவள் விளையாட்டாகச் சொன்னாலும் உட்கார்ந்து கேளுங்கள், அன்றைக்கே அரசின் மனநல உதவி எண் 14416க்குப் பேசுங்கள். இலவசம், தமிழில் பேசுவார்கள்.

முடி மாதம் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். கொட்டுவது நின்றாலும் பழைய சடை வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். நெற்றியோரம் குச்சி குச்சியாகக் குட்டை முடி நின்றால் புது முடி வந்துவிட்டது. ஆறு மாதம் கடந்தும் நிற்கவில்லை, அல்லது வகிடு அகலமாகிக்கொண்டே போகிறது என்றால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்த 2,000 ரூபாயை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். ரசீது தரவில்லையென்றால் ஜிபேயில் அனுப்பியதைப் படம் எடுத்து வையுங்கள். மீதிப் பணத்துக்குத் தவணைப் படிவத்தில் கையெழுத்து வாங்கியிருந்தால் அதன் நகலை முதலில் வாங்குங்கள், உங்களுக்குத் தெரியாமல் கடன் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கலாம். இழுத்தடித்தால் 1915 நுகர்வோர் எண்ணில் புகார் கொடுங்கள்.