மலைக்காற்றில் கலப்பது என்ன? கேள்வி பதில்

ஹட்டனிலிருந்து: மிஸ், லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டில்) தேயிலை மிலாறுதான், அதாவது செடியில் வெட்டிய குச்சிதான் எரிக்கிறோம். பிளாஸ்டிக் எதுவும் போடுவதில்லை. விறகுப் புகையும் கெடுதியா?

பதில்: கெடுதிதான். தோட்டக் குடும்பங்கள் முதலில் கவனிக்க வேண்டியதே இந்தப் புகையைத்தான். இதிலுள்ள 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போகும். உலக சுகாதார ஸ்தாபனம் 24 மணித்தியாலச் சராசரிக்கு வைத்திருக்கும் அளவு கனமீற்றருக்கு 15 மைக்ரோகிராம். புகைபோக்கி இல்லாத அடுப்படியில் சமைக்கும் நேரத்தில் அது பல நூறாக ஏறும்.

கவ்வாத்து (தேயிலைச் செடியை வெட்டிவிடுவது) முடிந்த கையோடு ஈர மிலாறை அடுப்பில் வைக்காதீர்கள். தரையில் படாமல் இரண்டு கட்டைகள் மேல், இடைவெளி விட்டு, கூரைக்கடியில் இரண்டு மூன்று மாதமாவது அடுக்கி வையுங்கள். காய்ந்த குச்சி ஒடித்தால் சடக்கென்று முறியும். ஈரக் குச்சி வளையும். அடுப்பை அடைக்காமல் இரண்டு மூன்று துண்டுகளாக எரியுங்கள். சாம்பலை அள்ளாவிட்டால் அடியில் காற்றுப் போகாமல் புகை கூடும்.

புகைக்குழாய் கூரை முகட்டைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் காற்று புகையை உள்ளேயே தள்ளிவிடும். மாதம் ஒருமுறை கரியைத் தட்டிவிடுங்கள். நடுச்சுவர் கூரையைத் தொடாத பழைய லயங்களில் உங்கள் புகை பக்கத்துக் காம்பராவுக்கும் போகிறது. அதனால் வரிசையிலுள்ள எல்லா வீட்டுக்கும் குழாய் வைத்தால்தான் முழுப்பலன்.

நுவரெலியாவிலிருந்து: குளிருக்கு இரவில் கரிச்சட்டியை அறைக்குள் வைக்கலாமா? அதில் புகை வருவதில்லையே.

பதில்: கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். அறையில் இருப்பவர்களுக்கு ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்று, வாந்தி வந்தால் உடனே எல்லோரையும் வெளியே கொண்டுவந்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பண்டாரவளையிலிருந்து: வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் மானாப்புல் பற்றி எரிகிறதே, அது இயற்கை மாசுதானே?

பதில்: பெரும்பாலும் இல்லை. மாட்டுக்குத் துளிர்ப்புல் வரட்டும் என்றோ வேட்டைக்கோ மனிதர் வைக்கும் தீதான் காற்றில் பரவுகிறது. இயற்கை என்றால் மகரந்தம், பூஞ்சை வித்து, மண்தூசி, மரங்கள் விடும் ஆவிகள். யூகலிப்டஸ் விடும் ஐசோபிரீன் என்ற ஆவி தனியே பெரிய தொல்லையில்லை. வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளோடு வெயிலில் சேரும்போது அது ஓசோன் வாயுவை உண்டாக்கும். நாம் சுவாசிக்கும் காற்றில் அந்த ஓசோன் நெஞ்சை எரிக்கும். பாதி இயற்கை, பாதி நாம்!

கண்டியிலிருந்து: 2022 டிசெம்பரில் பாடசாலைகளை மூடவைத்த மங்கல் எங்கிருந்து வந்தது? மறுபடி வந்தால் என்ன செய்வது?

பதில்: மாண்டஸ் புயலையொட்டி வீசிய காற்று இந்தியப் பக்கத்து மாசை இங்கே இழுத்து வந்தது. அந்த நாட்களில் ஜன்னலை மூடுங்கள், பிள்ளைகளை வெளியே ஓடவிடாதீர்கள். துணி முகக்கவசம் நுண்துகளைச் சரியாகத் தடுக்காது. மூக்கோரம் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 வேண்டும். சமைக்கும்போது மட்டும் அடுப்படி ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

வெலிமடையிலிருந்து: மரக்கறித் தோட்டத்துக் கோழி எரு நாற்றம் வெறும் நாற்றம்தானா?

பதில்: அது அமோனியா. காற்றிலுள்ள அமிலங்களோடு கூடி நுண்துகளாகிவிடும். மக்காத எருவை மேலே தூவி விடாதீர்கள். மக்கவைத்து, போட்ட அன்றே மண்ணால் மூடுங்கள். பயிருக்குரிய நைதரசனும் வீணாகாது.