குடலில் நஞ்சு என்று சொல்லிப் பொடி விற்கிறார்கள், வாங்கலாமா?

டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மா கேட்கிறார்: "என் கணவருக்கு வயது 58. சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வயிறு ஊதுகிறது, அடிக்கடி இளகிப் போகிறது, எந்நேரமும் அசதி. குடலில் நஞ்சு தேங்கியிருக்கிறது, கழுவினால் சரியாகும் என்று கோயிலில் பழக்கமான ஒருவர் மாதம் 900 ராண்டுக்குப் பொடி தருகிறார். வாங்கலாமா?"

வேண்டாம் அம்மா. குடலில் நஞ்சு படிந்து கிடப்பதில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்வது ஈரலும் சிறுநீரகமும் நாள் முழுக்கச் செய்யும் வேலை.

வயிறு இளகினால் முதலில் மெட்ஃபார்மினைத்தான் சந்தேகப்பட வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்குகிறாரா பாருங்கள். சாப்பாட்டோடு எடுத்தால் பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால் மெல்லக் கரையும் வகைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், அவராக நிறுத்தக் கூடாது. அசதிக்கும் காரணம் அதுவாகவே இருக்கலாம். நெடுநாள் இந்த மாத்திரை எடுப்பவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்துவிடும். ரத்தப் பரிசோதனை ஒன்றே போதும், தெரிந்துவிடும். மாதாமாதம் பையில் மாத்திரையைப் போட்டுக் கொடுக்கும் கிளினிக்கில் "வயிறு எப்படி இருக்கிறது?" என்று ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. அதனால்தான் ஜனங்கள் பொடிக்காரரிடம் போகிறார்கள்.

அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்த மாதிரிப் பொடிகள் பலவற்றில் சென்னா இருக்கும், நம் நிலாவாரைதான். வெறும் பேதி மருந்து. மருந்துகளைக் கண்காணிக்கும் சாஃப்ரா இதை மதிப்பிடவில்லை என்று சின்ன எழுத்தில் ஒரு வரியும் இருக்க வேண்டும். அதை விற்பவர் படித்துக் காட்டமாட்டார். பிரஷருக்கு நீர் மாத்திரையும் எடுப்பவராக இருந்தால், தொடர்ந்து பேதியாகிப் பொட்டாசியம் இறங்கலாம், இதயத் துடிப்பே தடுமாறலாம்.

குடலின் நல்ல கிருமிகளுக்குத் தீனி நார்ச்சத்து. அதைப் புளிக்க வைத்து அவை உண்டாக்கும் அமிலம்தான் குடல் சுவருக்கு உணவு. அந்தக் காசுக்கு ஷுகர் பீன்ஸ் என்னும் காய்ந்த பீன்ஸும், அமாசி என்னும் புளித்த பாலும் வாங்குங்கள். பீன்ஸை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவையுங்கள். முதலில் இரண்டு கரண்டி போதும், ஒரேயடியாகக் கூட்டினால் இன்னும் ஊதும்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை இறங்குவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இவற்றில் எது இருந்தாலும் மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது. மூலம் என்று களிம்பு கொடுத்து அனுப்பினாலும் விடாதீர்கள், இந்த வயதில் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி வேண்டும் என்று கேளுங்கள். அரசு மருத்துவமனையில் தேதி மாதக்கணக்கில் தள்ளும், எனக்கும் அதில் கோபம்தான். பரிந்துரைக் கடிதத்தில் ரத்தம் எத்தனை வாரமாக வருகிறது, எத்தனை கிலோ குறைந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். காத்திருக்கும்போது ரத்தம் அதிகமானால் தேதியைப் பார்க்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.