நான் சீட்டில் இல்லாதபோது ஆபீஸில் என் கம்ப்யூட்டரை மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். எப்படித் தடுப்பது?

லாக் போடுவது ஒரு நொடி வேலை, அதைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் அவர்கள் எதற்காக உங்கள் சீட்டைத் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். எனக்கு அது புரியவே இரண்டு வருடம் ஆனது.

நான் ஒரு ஜவுளி மொத்த வியாபார கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். சின்ன பிரைவேட் லிமிடெட், ஆபீஸில் பத்துப் பேர். பிரிண்டர் ஒன்றே ஒன்று, அதுவும் என் சிஸ்டத்தில் கேபிள் போட்டு இணைத்தது. நான் சாப்பிடப் போனால் பில் பிரின்ட் எடுக்க யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கணக்கு எழுதும் மென்பொருளான டேலி திறந்தபடியே இருக்கும். தெரிந்தவர்கள்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு மாதம் 15ஆம் தேதி ஒரு பார்ட்டியிடமிருந்து, அதாவது எங்களிடம் சரக்கு வாங்குபவரிடமிருந்து, போன். "மேடம், போன மாச பில் டூ-பியில வரவே இல்லையே?" ஜிஎஸ்டி பார்ப்பவர்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். 11ஆம் தேதிக்குள் நாம் போடும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்னை வைத்துத்தான் 14ஆம் தேதி அவர்களுக்கு டூ-பி, அதாவது அவர்கள் வாங்கிய பில்களின் பட்டியல், வரும். அதில் பில் இல்லையென்றால் அவர்களுக்கு அந்த மாதம் இன்புட், அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது, கிடையாது. எடுத்துப் பார்த்தால் பில் நம்பர் அப்படியே இருக்கிறது, பார்ட்டி பெயர் மட்டும் வேறு.

நடந்தது இவ்வளவுதான். சேல்ஸில் இருக்கும் ஒரு அண்ணன், அதே சரக்கை இன்னொரு கடைக்கு அனுப்ப பில் போட வந்திருக்கிறார். காப்பி எடுப்பதாக நினைத்துப் பழைய பில்லையே திறந்து, பெயரை மாற்றி சேவ் செய்துவிட்டார். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று பதிவாகும் எடிட் லாகில் ஏறியது என் யூசர் பெயர். நேரம் மதியம் 1.42. அந்த நேரத்தில் மேனேஜரும் நானும் ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கே அது ஞாபகம் இருந்ததால்தான் பேச்சு என் பக்கம் திரும்பவில்லை. அவர் அன்று வெளியூரில் இருந்திருந்தால் நான் எதைக் காட்டி நிரூபித்திருப்பேன்? அடுத்த மாத ரிட்டர்னில் திருத்தம் போட்டோம். அதுவரை அந்த பார்ட்டி பேமென்டை நிறுத்தி வைத்திருந்தார், அவரைக் குறை சொல்ல முடியாது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் இந்த எடிட் லாக் கட்டாயம், அணைத்து வைக்கவும் கூடாது. உங்கள் லாகினில் யார் எதைச் செய்தாலும் அது உங்கள் பெயரில்தான் நிற்கும்.

அன்று சாயங்காலமே பிரிண்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்யச் சொன்னேன். சிஸ்டம் லாக் ஆகியிருந்தாலும் பிரின்ட் வரும், ஸ்லீப்புக்குப் போனால்தான் வராது. அதனால் ஸ்லீப்பை மட்டும் நிறுத்தி வைத்தோம். டேலியில் ஆளுக்கொரு யூசர் போட்டு, சேல்ஸ்காரர்களுக்குப் பழைய பில்லைத் திருத்தும் அனுமதியை எடுத்துவிட்டோம். பாதிக் கூட்டம் அதோடு நின்றுவிட்டது.

மீதிக்குத்தான் லாக். எழுந்திருக்கும்போதே விண்டோஸ் பொத்தானையும் எல் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி. கை பழக எனக்கு ஒரு வாரம் ஆனது. மறந்துவிடும் நாளுக்காக ஸ்கிரீன் சேவரை மூன்று நிமிடத்துக்கு வைத்து, 'ஆன் ரெஸ்யூம், டிஸ்ப்ளே லாகான் ஸ்கிரீன்' என்பதில் டிக் போடுங்கள். போனை ப்ளூடூத்தில் இணைத்து, நாம் நகர்ந்தால் தானாகப் பூட்டும் டைனமிக் லாக்கும் உண்டு. ஆனால் அது பூட்டச் சற்று நேரம் எடுக்கும், அதை மட்டும் நம்ப வேண்டாம். பின் நம்பராகப் பிறந்த வருடத்தை வைக்காதீர்கள், பக்கத்து சீட்டுக்காரருக்கு அது தெரியும். வாட்ஸ்அப் வெப்பைத் திறந்தபடி விட்டுப் போகாதீர்கள். டைரக்டரின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் உங்களிடம் இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றி டிராயரில் வைத்துப் பூட்டுங்கள்.

யாராவது உள்ளே போகிறார்களா என்று சந்தேகமா? விண்டோஸ் வைத்திருக்கும் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் செக்யூரிட்டி பகுதியில் 4624 என்ற லாகின் பதிவுகளைப் பாருங்கள். சிஸ்டமே உருவாக்கும் பதிவுகளும் அதில் நிறைய இருக்கும். லாகான் டைப் 7 என்று இருப்பது பூட்டைத் திறந்த நேரம்.

ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனியுடையது. லீவில் இருக்கும்போது மேனேஜர் ஃபைல் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் பாஸ்வேர்டைச் சொல்ல வேண்டியதில்லை. தேவையான ஃபைல்களைப் பொது ஃபோல்டரில் வைத்துவிட்டு லீவு போடுங்கள். அடுத்தவர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று வருடம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். இருந்தாலும் கூட வேலை செய்பவரிடம் சட்டம் பேசாதீர்கள். நான் அந்த அண்ணனிடம், "அண்ணா, உங்க மேல சந்தேகம் இல்ல. தப்பா ஒண்ணு நடந்தா என் பேர்லதான் வரும், அதான் லாக் போடறேன்" என்று நேரிலேயே சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. மறுநாள் பில் விவரத்தைத் தாளில் எழுதிக்கொண்டு வந்து, "நீயே போட்டுக் குடும்மா" என்றார். இன்றைக்கும் அப்படித்தான் கொண்டு வருகிறார்.