பெல்டியர் தகட்டுக்கு எந்தப் பவர் சப்ளை?

கேள்வி: 65 வாட் ப்ராசஸரைக் குளிர்விக்க டிஇசி1-12706 பெல்டியர் தகடுகள் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடுகள்) இரண்டு வைத்திருக்கிறேன். கணினியின் 450 வாட் பவர் சப்ளையிலிருந்தே 12 வோல்ட் எடுக்கலாமா? 15 வோல்ட் கொடுத்தால் இன்னும் குளிருமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். 12706-இல் 127 என்பது உள்ளே இருக்கும் குறைகடத்தி இணைகளின் எண்ணிக்கை. 06 என்பது உச்ச மின்னோட்டம், 6 ஆம்பியர். 15 வோல்ட் அதன் எல்லை, ஓட்ட வேண்டிய அளவு அல்ல. மின்னோட்டம் கூடும்போது வெப்பத்தை இழுக்கும் திறன் நேர்விகிதத்தில் ஏறுகிறது. தகட்டுக்குள் பிறக்கும் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகிறது.

12 வோல்ட்டில் ஒரு தகடு சுமார் 5 ஆம்பியர் எடுக்கும். இரண்டுக்கும் 120 வாட். ப்ராசஸரின் 65-ஐக் கூட்டினால், சூடான பக்கத்து வெப்பத்தைக் காற்றில் விடும் ஹீட்சிங்க் 185 வாட்டை வெளியேற்ற வேண்டும். 8 வோல்ட்டில் தகட்டுக்கு 3.5 ஆம்பியர்தான், ஹீட்சிங்கின் சுமை 120 வாட் அளவுக்கு இறங்கிவிடும். இதனால் இழக்கும் குளிர்விக்கும் திறன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஹீட்சிங்க் சுமாரானதாக இருந்தால் 8 வோல்ட்டில்தான் ப்ராசஸர் அதிகம் குளிரும்!

கணினியின் சப்ளையில் வாட் போதலாம், ஆனால் அது 12 வோல்ட்டை அப்படியே தரும். தனியாக 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (தனிப் பவர் சப்ளை) வாங்கி, தகட்டுக்கு ஒன்று வீதம் பக் கன்வெர்ட்டர் (வோல்ட்டைக் குறைக்கும் சர்க்யூட்) வைத்து 8 வோல்ட்டுக்குத் திருகி வையுங்கள். நேரடியாக 12 வோல்ட்டே கொடுப்பதானால் 15 ஆம்பியர் சப்ளை வேண்டும். காரணம், தொடங்கும் நொடியில் இரு பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருக்கும். வெப்பநிலை வேறுபாட்டால் தகட்டில் பிறந்து மின்னோட்டத்தைக் குறைக்கும் எதிர்மின்னழுத்தம் அப்போது இருக்காது, ஒவ்வொன்றும் 6 ஆம்பியர் வரை இழுக்கும்.

கணினி நின்ற பிறகும் பெல்டியர் ஓடினால் போர்டில் பனித்துளி படியும். ஆகவே கணினியின் மஞ்சள், கறுப்பு கம்பிகளிலிருந்து 12 வோல்ட் கார் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்றின் காயிலை இயக்கி, எஸ்எம்பிஎஸ்ஸின் டிசி வெளியீட்டை அதன் வழியே விடுங்கள். காயில் அணையும்போது எழும் மின்னழுத்தத்தை அடக்க, அதன் குறுக்கே 1என்4007 டையோடு வையுங்கள், கோடு போட்ட முனை நேர்மின் பக்கம். சூடான பக்க ஃபேன் நின்றால் தகட்டின் உள் சாலிடரே உருகிவிடும். பல தகடுகளில் அதன் உருகுநிலை 138 டிகிரிதான்.

கேள்வி: தெர்மோஸ்டாட் வைத்து அணைத்து அணைத்து ஓட்டலாமா?

பதில்: கூடாது. அணைத்தவுடன் சூடான பக்கத்து வெப்பம் தகடு வழியே ப்ராசஸருக்குத் திரும்பும். விரிந்து சுருங்கி இணைப்புகளும் விரிசல் விடும். வெப்பநிலைக்கேற்ப வோல்ட்டைக் கூட்டிக் குறையுங்கள்.