பழைய டீசல் பிக்கப்: புகை, டிபிஎஃப், யூரியா – கேள்வி பதில்

பழைய டீசல் பிக்கப் வாங்கி ஓட்டுகிறவர்கள் புகைக்குழாய்ப் பக்கத்துக் கோளாறுகள் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த முறை பதில். முதலில் ஒரு விஷயம். 2020 ஏப்ரல் 1-க்கு முன் வந்த வண்டி என்றால் பெரும்பாலும் பிஎஸ்4, அதாவது அரசின் பழைய புகை விதிப்படி செய்தது. அதில் புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வும், புகையைச் சுத்தம் செய்யும் ஒரு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும்தான் இருக்கும். அதற்குப் பிறகு வந்தது பிஎஸ்6. அதில் கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் பில்டர் கூடுதலாக இருக்கும், சில மாடல்களில் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் குறைக்கப் பீய்ச்சும் யூரியா திரவத்துக்கு ஒரு டேங்கும் இருக்கும். டேங்க் வாயில் நீல மூடி இருந்தால் அது யூரியா வண்டி. எந்த வருட மாடல், என்ன லோடு, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டம் என்று எழுதியவர்களுக்கு நன்றி. பாதி பதில் அதிலேயே இருந்தது.

கேள்வி (திருப்பூர், பனியன் லோடு): அண்ணா, 2021 மாடல் பிக்கப்பை இரண்டாவது கையாக வாங்கினேன். ஊருக்குள்தான் ஓட்டம், கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் ஐந்தாறு கிலோமீட்டர். டிபிஎஃப் லைட் வந்துகொண்டே இருக்கிறது. ஒர்க்‌ஷாப்பில் லேப்டாப் மாட்டிக் கரியை எரித்துக் கொடுக்கிறார்கள், பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது பில்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். என்ன காரணத்தால் அடைக்கிறது என்று பார்க்காமல் மாற்றினால் புதுசும் அடைக்கத்தான் போகிறது.

டிபிஎஃப் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் பொருள். கரி சேர்ந்ததும் எஞ்சின் கொஞ்சம் கூடுதல் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சிப் புகையின் சூட்டை ஏற்றும். சுமார் 600 டிகிரி வந்தால் கரி எரிந்துவிடும். இதற்கு எஞ்சின் நன்றாகச் சூடாகி, நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். உங்கள் ஓட்டத்தில் எரிப்பு ஆரம்பிக்கும்போதே வண்டியை அணைத்துவிடுகிறீர்கள். அணைக்கும்போது ரேடியேட்டர் பேன் சத்தமாக ஓடுகிறதா, ஐடில் வழக்கத்தைவிட ஏறி நிற்கிறதா, புகைக்குழாய்ப் பக்கம் காந்தல் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். இருந்தால் எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது, அணைக்காதீர்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது அவிநாசிப் பக்கம் பைபாஸில் ஏற்றி அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுங்கள். டாப் கியரில் தூங்கவிடாமல் ஒரு கியர் குறைத்து, ஆர்பிஎம் 2000-க்கு மேல் இருக்கும்படி ஓட்டினால் சூடு நிற்கும்.

ஆனால் பத்தே நாளில் லைட் வருகிறது என்றால் ஓட்டம் மட்டும் காரணமாக இருக்காது. இந்த வரிசையில் பாருங்கள். முதலில், செலவே இல்லாத சோதனை. டிபிஎஃப்பின் முன்னும் பின்னுமாக இரண்டு சின்னக் குழாய்கள் கிளம்பி, ரப்பர் ஹோஸ் வழியாக ஒரு பிரஷர் சென்சாருக்குப் போகும். அந்த ஹோஸ் சூட்டில் வெடித்திருக்கும், இல்லையென்றால் உள்ளே கரி உறைந்து அடைத்திருக்கும். ஸ்கேனரை மாட்டி, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் அந்தப் பிரஷர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் சென்சார்தான் பொய் சொல்கிறது. பில்டர் நன்றாக இருக்கும்போதே அடைப்பு என்று கணக்கில் ஏறிவிடும்.

அடுத்து தெர்மோஸ்டாட். அது திறந்தபடியே நின்றுவிட்டால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது, எரிப்பும் தொடங்காது. அரை மணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் பாதிக்குக் கீழேயே நின்றால் சந்தேகப்படுங்கள். பிறகு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் செக் (எவ்வளவு டீசல் திரும்பி வருகிறது என்று அளப்பது), ஈஜிஆர் வால்வு, டர்போ காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் ஹோஸ். கரியைக் கூடுதலாக உண்டாக்குகிறவை இவைதான். இன்னொன்று, டீசல் ரிசர்வில் இருந்தாலோ வேறு ஏதாவது செக் லைட் எரிந்துகொண்டிருந்தாலோ பல வண்டிகளில் எரிப்பே தொடங்காது. எப்போதும் 200 ரூபாய்க்கு டீசல் போட்டு ஓட்டும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

எரிப்பு நடக்கும்போது காய்ந்த புல், வைக்கோல், பஞ்சுக் கழிவு கிடக்கும் இடத்தில் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். சைலன்சர் அவ்வளவு சூடாக இருக்கும். உங்கள் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை.

கேள்வி (பொள்ளாச்சி, தேங்காய் லோடு): பிஎஸ்6 வண்டி. ஆயில் மாற்றி 4,000 கிலோமீட்டர்தான் ஆகிறது. டிப் ஸ்டிக்கில் அளவு குறையாமல் ஏறியிருக்கிறது! ஆயில் குடிக்காத வண்டி என்று சந்தோஷப்படலாமா?

பதில்: வேண்டாம், அது டீசல். மேலே சொன்ன கூடுதல் டீசல் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. எரிப்பு தொடங்கி முடியாமல் நிற்பது அடிக்கடி நடந்தால் இப்படித்தான் ஏறும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள், வாடையே சொல்லிவிடும். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டு விட்டால் நடுவில் கருப்பும், சுற்றிலும் எண்ணெய் வளையம் அகலமாகவும் பரவும்.

மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், ஆயிலை மாற்றிவிட்டு எடுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்னும். அதைவிட ஆபத்து, கூடுதல் ஆயில் இன்டேக் வழியாக உள்ளே இழுக்கப்பட்டால் எஞ்சின் அதையே எரித்துத் தானாக ரேஸ் ஆகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. மாற்றும்போது கையேட்டில் போட்டிருக்கும் சி2, சி3 அல்லது சிகே-4 தர ஆயிலையே கேட்டு வாங்குங்கள். விலை குறைவு என்று பழைய தர ஆயிலை ஊற்றினால் அதன் சாம்பல் டிபிஎஃப்பில் தங்கும். கரி எரியும், சாம்பல் எரியாது. பில்டரைக் கழற்றி மெஷினில் கழுவுவதுதான் அப்புறம் வழி.

கேள்வி (ஒட்டன்சத்திரம், காய்கறி லோடு): 2018 மாடல், பிஎஸ்4. லோடு ஏற்றினால் மேட்டில் இழுவை இல்லை, பின்னால் கருப்பாகப் புகை தள்ளுகிறது. பம்பையும் இன்ஜெக்டரையும் பிரித்து வேலை பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக்.

பதில்: பம்பைத் தொடும் முன் காற்றுப் பாதையைப் பாருங்கள். கருப்புப் புகை என்றால் டீசலுக்கு ஏற்ற காற்று போகவில்லை என்று அர்த்தம். லோடு இல்லாமல் சரியாக ஓடி, லோடில் மட்டும் புகைத்தால் நான் முதலில் தேடுவது டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ். கிளிப்பை ஒட்டிய அடிப்பக்கத்தில்தான் வெடிப்பு வரும், மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலை அடியில் விட்டுத் தடவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு கருப்பாக ஒட்டினால், அந்த இடத்தைத் துடைத்துவிட்டு ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள். உதடு பிரிவதுபோல் திறக்கும். ஆள் ஒருவர் ரேஸ் கொடுக்க, சோப்புத் தண்ணீரைத் தெளித்தாலும் குமிழி காட்டிக்கொடுக்கும்.

அது நன்றாக இருந்தால் ஏர் பில்டர், அடுத்து ஈஜிஆர். ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றுவிட்டால் புகையே திரும்ப உள்ளே போய் நல்ல காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இன்டேக் மேனிபோல்டில் இருக்கும் பிரஷர் சென்சாரையும் கழற்றிப் பாருங்கள், மூக்கில் கரி அப்பியிருக்கும். எலக்ட்ரிகல் கிளீனர் அடித்து மாட்டினால் போதும். ஸ்கேனரில் பி0299 என்ற கோளாறு எண் வந்தால் டர்போ காற்று குறைவு, பி0401 வந்தால் ஈஜிஆரில் ஓட்டம் குறைவு, பி0402 வந்தால் அதிகம். இத்தனையும் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் இன்ஜெக்டருக்குப் போகலாம்.

கேள்வி (அதே வாசகர்): ஈஜிஆரையே தகடு வைத்து அடைத்துவிடச் சொல்கிறார்களே, இழுவை கூடுமாமே?

பதில்: திறந்தே நின்ற ஈஜிஆரை அடைத்தால் இழுவை திரும்பும், உண்மைதான். சுத்தம் செய்தாலும் அதே இழுவை திரும்பும். தகடு வைத்தால் சிலிண்டருக்குள் டீசல் எரியும் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடு கூடுகிறது, பல வண்டிகளில் செக் லைட்டும் நிரந்தரமாக எரியும். அப்புறம் உண்மையான கோளாறு வரும்போது எந்த லைட் உங்களை எச்சரிக்கும்? கழற்றி, கார்பன் கிளீனரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, புது பேக்கிங்கோடு மாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி (கோத்தகிரி, தேயிலை லோடு): காலையில் ஸ்டார்ட் செய்தால் வெள்ளைப் புகை. போகப் போக நின்றுவிடுகிறது. ஆனால் கூலன்ட் வாரம் ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கிறது, வெளியே ஒழுகவில்லை.

பதில்: உங்கள் ஊர்க் குளிரில் காலையில் கொஞ்சம் வெள்ளைப் புகை சகஜம். கண் எரிந்தால் அது எரியாத டீசல், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கைப் பாருங்கள். இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். கூலன்ட் குறைகிறது என்று நீங்களே சொல்வதால் இரண்டாவதைத்தான் நான் நினைக்கிறேன்.

எல்லோரும் உடனே ஹெட் கேஸ்கெட் என்று சொல்லி ஹெட்டை இறக்கிவிடுவார்கள். பொறுங்கள். ஈஜிஆர் கூலர் என்று ஒன்று உண்டு. சூடான புகை ஒரு பக்கமும் கூலன்ட் இன்னொரு பக்கமும் ஓடும். அது உள்ளே ஓட்டை விழுந்தாலும் இதே அறிகுறிதான். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் ஈஜிஆர் பைப்பைக் கழற்றுங்கள். கரி உலர்ந்து பொடியாக இருந்தால் கூலர் நலம். சேறு மாதிரி ஈரமாக இருந்தால் கூலரைத் தனியாகக் கழற்றி, தண்ணீரில் முக்கிக் காற்றடித்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அது சரியாக இருந்தால்தான் ஹெட் பக்கம் போக வேண்டும்.

நீலப் புகை பற்றி நாலைந்து பேர் கேட்டிருக்கிறீர்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டர்போ சீலா, வால்வு சீலா, ரிங்கா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிஎஸ்6 வண்டியில் தள்ளிப்போடாதீர்கள், எரியும் ஆயில் முழுக்கச் சாம்பலாகி டிபிஎஃப்பை நிரப்பும்.

கேள்வி (சேலம்): 2020 பிஎஸ்6 பிக்கப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. “டிபிஎஃப் தொல்லையே இல்லை, உள்ளே காலி பண்ணியாச்சு” என்று விற்கிறவர் நல்ல விஷயம் மாதிரிச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வாங்கியே ஆக வேண்டும் என்றால் புது டிபிஎஃப் விலையையும் பொருத்தும் கூலியையும் கழித்துப் பேசுங்கள், வாங்கியதும் மாட்டுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இப்படி மாற்றக்கூடாது. 182ஏ பிரிவில் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. செய்தவர் பழைய ஓனராக இருந்தாலும் பிடிபடும்போது ஆர்சியில் இருப்பது உங்கள் பெயர்.

சட்டத்தை விடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் வகையில் சேர்த்தது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் லோடு இறக்க வண்டிக்குப் பின்னால் நிற்கும் நம் ஆள்தான். இதற்காகவே காலி பண்ணும் வேலையை நான் கையில் எடுப்பதில்லை, யார் கேட்டாலும்.

சொல்லாமல் விற்கிறவர்களைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம் இல்லை. எஞ்சின் ஆறியபின் புகைக்குழாய் வாய்க்குள் விரலை விட்டுத் தேயுங்கள். டிபிஎஃப் வேலை செய்யும் வண்டியில் விரலில் ஏறக்குறைய ஒன்றுமே ஒட்டாது. மை போலக் கருப்பாக ஒட்டினால் பில்டர் காலி, அல்லது உள்ளே உடைந்திருக்கிறது. அடியில் படுத்து டிபிஎஃப் டப்பாவைச் சுற்றிப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக மெல்லிசாக ஓடும். பிற்பாடு வெட்டி ஒட்டியது மேடும் பள்ளமுமாக, பக்கத்தில் நீலம் பாய்ந்து தெரியும். சாவியைப் போட்டதும் செக் லைட் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் அதையும் யாரோ அடைத்திருக்கிறார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம், மீன் லோடு): யூரியா வண்டி. யூரியா டேங்க் நிரம்பியிருக்கிறது, ஆனாலும் லைட் எரிந்து ‘இன்னும் இத்தனை கிலோமீட்டர்தான்’ என்று எண்ண ஆரம்பித்துவிட்டது. உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார்.

பதில்: உர யூரியாவை ஊற்றவே ஊற்றாதீர்கள். வண்டிக்கான திரவத்தில் 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி தாதுக்கள் நீக்கிய தண்ணீர். உர மூட்டையிலும் குழாய்த் தண்ணீரிலும் இருக்கும் அழுக்கும் உப்பும் பம்பையும் கேட்டலிஸ்டையும் கெடுத்துவிடும். ஐஎஸ்ஓ 22241 என்று அச்சிட்ட, சீல் உடையாத கேனாக வாங்குங்கள். தேதியைப் பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்த கேன் சீக்கிரம் தரம் இழக்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். ஸ்கேனரில் பி207எஃப் வந்தால் திரவத்தின் தரம், பி20இ8 வந்தால் பம்பின் பிரஷர் குறைவு, பி20இஇ வந்தால் புகை சரியாகச் சுத்தமாகவில்லை. மீன் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் அடியில் ஒழுகிக்கொண்டே இருக்கும். நைட்ரஜன் ஆக்சைடு சென்சாரின் ஒயர் முனையைக் கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். புகைக்குழாயில் யூரியா பீய்ச்சும் நாசிலின் வாயில் வெள்ளைக் கட்டி உறைந்திருந்தால் வெந்நீரில் ஊறவைத்தாலே கரையும், கம்பியால் குத்தாதீர்கள். லோடு இறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவும் பழக்கம் வேண்டும்.

தவறி டீசல் டேங்கில் யூரியாவை ஊற்றிவிட்டால் சாவியைக்கூடப் போடாதீர்கள். தள்ளிக்கொண்டு போய் டேங்கை இறக்கிக் கழுவிவிட்டால் அதோடு போகும். ஸ்டார்ட் செய்துவிட்டால் பம்ப், இன்ஜெக்டர்களுக்கு டீசல் கொடுக்கும் காமன் ரெயில் குழாய், இன்ஜெக்டர் எல்லாம் போகும்.

கேள்வி (மதுரை): கேபினுக்குள் புகை வாடை, காலையில் ‘டிக் டிக்’ என்று சத்தம், சூடானதும் நின்றுவிடுகிறது.

பதில்: எக்சாஸ்ட் மேனிபோல்டு பேக்கிங் போயிருக்கும், அல்லது ஒரு ஸ்டட் உடைந்திருக்கும். சூட்டில் இரும்பு விரிந்து இடைவெளியை மூடுவதால் சத்தம் நிற்கிறது. ஒழுகும் இடத்தில் கரி கோடு போட்டிருக்கும். அந்தப் புகையோடு கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசி போட்டு ஓட்டாதீர்கள், இரவு வண்டிக்குள் படுக்காதீர்கள்.

கேள்வி (விழுப்புரம்): பிஎஸ்4 பிக்கப் புகைச் சோதனையில் பெயில். சோதிக்காமலே சான்று தர ஆள் இருக்கிறார். வாங்கிக்கொள்ளட்டுமா?

பதில்: வேண்டாம், அந்தப் பணத்துக்கு ஏர் பில்டர் வாங்குங்கள். பிஎஸ்4 டீசலுக்குப் புகை அளவு எச்எஸ்யு என்ற புகை அலகில் 50-க்குள் இருக்க வேண்டும், அதற்கு முந்தைய வண்டிக்கு 65. இருபது நிமிடமாவது ஓட்டி, எஞ்சின் முழுச் சூட்டோடு சோதனைக்குப் போங்கள். ஆறின வண்டியை நேராகக் கொண்டுபோய் நிறுத்தினால் நல்ல எஞ்சினும் கூடுதலாகக் காட்டும். அப்படியும் தாண்டினால் ஒட்டன்சத்திரத்துக்காரருக்குச் சொன்ன வரிசையில், ஹோஸிலிருந்து ஆரம்பியுங்கள்.