நாள் கணக்கு: பழைய சிஸ்டரிடம் கேட்டவை

பிரசவ வார்டில் 31 வருஷம் வேலை பார்த்தவள் நான். அயனாவரத்தில் எங்கள் தெருப் பெண்கள் தங்கள் மாதவிலக்குக் கேள்விகளோடு, வெளியில் இருக்கும் சொந்தக்காரர்களின் கேள்விகளையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள்.

பெரம்பூர்: பொண்ணு வயசுக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. நாலு தடவைதான் வந்திருக்கு. ஊசி போடணுமா அக்கா?

வேண்டாம்மா. முதல் ஓரிரு வருஷம் பல மாதங்களில் கருமுட்டையே வெளிவராது, அதனால் தாறுமாறாகத்தான் வரும். 90 நாள் தாண்டினாலோ, ஏழு நாளுக்கு மேல் போக்கு நிற்காவிட்டாலோ காட்டுங்கள். உளுந்தங்களி தாராளமாகக் கொடுங்கள், ஆனால் அது நாள் கணக்கைச் சரிசெய்யாது.

வேளச்சேரி: எனக்கு 33 நாளுக்கு ஒரு தடவை. குழந்தைக்காக 14-ம் நாளைக் கணக்கு வெச்சுப் பார்க்கிறோம். ஏன் தங்கல?

21 முதல் 35 நாள் வரை சரியான சுற்றுதான். கணக்குதான் தப்பு. முட்டை வெளிவந்த பிறகு வரும் பாதி ஏறத்தாழ 14 நாள், அது அதிகம் மாறாது. நீள்வது முன்பாதி. உங்களுக்கு முட்டை 19-ம் நாளை ஒட்டி வரும். 14-ல் நிறுத்தினால் எப்படித் தங்கும்?

அம்பத்தூர்: குழந்தைக்கு அஞ்சு மாசம், பால் குடிக்குது. இன்னும் குளிக்கல. பயமில்லைதானே?

இரவும் பகலும் தாய்ப்பால் மட்டும், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, விலக்கும் வரவில்லை: மூன்றும் இருந்தால் பயம் குறைவு. ஒன்று விட்டாலும் வேறு ஏற்பாடு வேண்டும். பலருக்கு முட்டைதான் முதலில் வரும், விலக்கு அதற்குப் பின்தான். "குளிக்கவே இல்லையே சிஸ்டர்" என்று அடுத்த பிரசவத்துக்கு வந்து நின்றவர்கள் எத்தனையோ பேர்!

திருவல்லிக்கேணி: வயசு 46. ஒரு தடவை 20 நாள்ல வருது, அப்புறம் ரெண்டு மாசம் இல்ல. வந்தா கட்டி கட்டியா போகுது. நிக்கப்போற நேரம்னு எல்லாரும் சொல்றாங்க.

நாள் முன்னே பின்னே போவது அந்த நேரத்தின் அடையாளம்தான். நம் நாட்டில் நிற்கும் வயது சராசரியாக 46, 47. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வராவிட்டால்தான் நின்றதாகக் கணக்கு.

ஆனால் கட்டி கட்டியாகப் போவதை வயசின் தலையில் கட்டாதீர்கள். நானே கட்டினேன். மாடிக்குத் துணி காயப்போடப் போனால் பாதிப் படியில் பக்கெட்டை வைத்து உட்கார்ந்துவிடுவேன். மூட்டுவலி என்று நினைத்தேன். சமைக்கும்போது டப்பாவைத் திறந்து பச்சரிசியை அள்ளி மெல்லுவேன், அதையும் கெட்ட பழக்கம் என்று விட்டேன். இரும்புச்சத்து குறைந்தால் வரும் ஆசை அது, வார்டில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்! ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 7.8. குறைந்தது 12 இருக்க வேண்டும். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது.

மணிக்கு ஒரு பேட் நனைந்தால் காத்திருக்க வேண்டாம். இல்லாவிட்டாலும் இந்த மாதமே ரத்தம், தைராய்டு, ஸ்கேன் மூன்றையும் பாருங்கள்.

திருவொற்றியூர்: அம்மாவுக்கு 55. நின்னு நாலு வருஷம் ஆச்சு. போன வாரம் லேசா பட்டுச்சு. திரும்ப வந்துடுச்சுன்னு சிரிக்கிறாங்க.

ஒரு சொட்டாக இருந்தாலும் இந்த வாரமே எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரிக்கோ திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போங்கள். பெரும்பாலும் உள்தோல் வறண்டது போன்ற சின்னக் காரணமாக இருக்கும். கர்ப்பப்பைப் புற்றும் இப்படித்தான் முதலில் தலைகாட்டும் என்பதால் அதை இல்லையென்று ஆக்கிவிட்டுத்தான் மற்றது. கடைசியாக நின்றது எந்த வருஷம், எந்த மாதம் என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஓ.பி.யில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.