மாத்திரை தொடங்கியும் வலிப்பு வருவது ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. பேசிக்கொண்டிருக்கும்போதே திடீரென நிறுத்தி, ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பார், சப்புக்கொட்டுவார், விரல்கள் சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் தெளிந்துவிடும், ஆனால் நடந்தது எதுவும் நினைவிருக்காது. ஃபோக்கல் வலிப்பு என்று கூறி லாமோட்ரிஜின் 25 மில்லிகிராம் தொடங்கினார்கள். மூன்றாவது வாரமான இப்போது 50. இதற்குள் இரண்டு முறை வந்துவிட்டது. மருந்து பலிக்கவில்லையா?

பதில்: அப்படி முடிவுகட்ட இன்னும் காலம் வரவில்லை. மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் இவ்வகை வலிப்புக்குப் பெரியவர்களுக்கு முதலில் தரப்படும் மருந்துகளில் லாமோட்ரிஜினும் ஒன்று. அதை வேகமாக உயர்த்தினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால்தான், 25, 50 என இரண்டு வாரத்துக்கு ஒரு படியாக ஏற்றி, தனி மருந்தாகத் தரும்போது வழக்கமாக 100 முதல் 200 மில்லிகிராம் வரை கொண்டுசெல்கிறார்கள். உங்கள் கணவர் அந்த அளவை இன்னும் எட்டவில்லை. வலிப்பு வந்துவிட்டதே என்ற கவலையில் நீங்களாக அளவைக் கூட்டிவிடாதீர்கள். தோலில் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் ஆகியவற்றில் எது தோன்றினாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அவருக்கு எதுவும் நினைவிருப்பதில்லை என்பதால், நீங்கள் பார்த்ததுதான் மருத்துவருக்குக் கிடைக்கும் முக்கியமான சான்று. தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, முந்தைய இரவு தூக்கம் கெட்டதா, மாத்திரை விட்டுப்போனதா என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். முடிந்தால் கைப்பேசியில் படம் பிடியுங்கள். கீழே விழாமல் வெறித்துப் பார்ப்பது மட்டும் வந்தாலும் அதுவும் வலிப்புதான்; ‘சின்னதுதானே’ என்று அதைச் சொல்லாமல் விடுவதால் மருந்தின் அளவு போதாமலேயே பலருக்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. மருத்துவர் அனுமதிக்கும்வரை அவர் வண்டி ஓட்டக் கூடாது. வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஏறத்தாழப் பாதிப் பேருக்கு முதல் மருந்திலேயே வலிப்பு நின்றுவிடுகிறது. பொருத்தமான இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் கொடுத்துப் பார்த்தும் நிற்காவிட்டால், மூன்றாவது, நான்காவது என்று ஆண்டுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகாமல், அறுவைச் சிகிச்சை பொருந்துமா என ஆராயும் வலிப்பு நோய்ச் சிறப்பு மையத்துக்குச் செல்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: எனக்கு வயது 27. லெவெடிராசிடம் எடுத்து எட்டு மாதமாக வலிப்பு இல்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறேன்; பிறகு அழுகிறேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் சுபாவம் மாறிவிட்டதோ என்று வருந்தாதீர்கள், இந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுதான் இது. ஆயினும், திடீரென நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வந்து உயிருக்கு ஆபத்தாகலாம். பொதுவாக, வலிப்பின்றி இரண்டு ஆண்டுகளாவது கழிந்த பிறகே நிறுத்துவது பற்றி யோசிக்கிறோம். மருத்துவரிடம் இதை அப்படியே சொல்லுங்கள். புதிய மருந்தை ஏற்றிக்கொண்டே பழையதைப் படிப்படியாகக் குறைத்து மாற்ற வழியுண்டு. தற்கொலை எண்ணம் தலைகாட்டினால், அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள்.

கருத்தடை மாத்திரை எடுப்பவராகவோ குழந்தைக்குத் திட்டமிடுபவராகவோ இருந்தால் அதையும் முன்கூட்டியே கூறுங்கள். வலிப்புக்குத் தரப்படும் மற்றொரு மருந்தான கார்பமசெபின் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கும். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையோ லாமோட்ரிஜினின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்பதால், வேறு வழியிருக்கும்வரை உங்கள் வயதில் அதைத் தவிர்ப்பார்கள்.